அப்பாவும் என் துவக்கும்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் அந்தோனியார் சுரூபம் வைத்த சிறிய பலகைத் தட்டு ஒன்று இருக்கிறது. சுரூபத்தின் காலடியில் என் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு பித்தளைக் குழல் நிற்கிறது. வருகிறவர்கள் அதை ஊதுவத்தி குத்துகிற தண்டு என்று நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதில் பிழையில்லை, அதில் எப்போதும் ஓர் ஊதுவத்தி நிற்கும். ஒருமுறை வீடு ஆசீர்வதிக்க வந்த பங்குச் சுவாமி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஊரிலை வாங்கினதோ?" என்று கேட்டார். அப்பா, "இல்லைச் சுவாமி, இஞ்சைதான்" என்றார். அது வெடித்து விழுந்த தோட்டாவின் வெற்றுக் கோது என்பதை அவர் சொல்லவில்லை. சுட்டது மகள் என்பதையும் சொல்லவில்லை.

துப்பாக்கி என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. எங்கள் வீட்டில் அதற்குத் துவக்கு என்றுதான் பெயர், அதுவும் தாழ்ந்த குரலில். மன்னாரிலிருந்து அப்பாவும் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு வந்தபோது நான் பாலர் வகுப்புப் பிள்ளை. குரோய்டனில் அகதி விண்ணப்பம் எடுக்கிற அந்தப் பெரிய கட்டடத்து வரிசையில் அப்பாவின் தோளில் தூங்கியது மட்டும் மங்கலாக நினைவிருக்கிறது. பிறகு தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீடு, அப்பாவுக்கு ரொட்டிப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்குப் பாடசாலைச் சமையலறையில் வேலை என்று வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வந்தது. அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அங்கே விளையாட்டுத் துவக்குக்கூட தங்கியதில்லை. என் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த தண்ணீர் பீச்சுகிற பிளாஸ்டிக் துவக்கை அப்பா ஒரு பைக்குள் சுற்றிக் கொண்டுபோய், நாலு வீடு தள்ளியிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். எங்கள் தொட்டியில் போட்டால் அது எங்களுடையது என்று ஆகிவிடுமாம்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். அப்பா அடுப்பு இருக்கிற தெருவாலேயே போகாத பூனை. அவருடைய மகள் மான் சுடுகிற வேலைக்குப் போனாள் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். லண்டனின் தெற்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து மரங்கள் தொடங்குகிற பக்கத்தில், தனியார் காடு ஒன்றில் எனக்கு வேலை. கன்று நடுவது, வேலி கட்டுவது, விழுந்த மரம் அறுப்பது. இந்த நாட்டில் மானைப் பிடித்துத் தின்ன எந்த விலங்கும் மிஞ்சவில்லை. அவை பெருகி, நட்ட கன்றையெல்லாம் ஒரே குளிர்காலத்தில் மேய்ந்து தீர்த்துவிடுகின்றன. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் சிலவற்றைச் சுட்டாக வேண்டும். அந்த வேலையைச் செய்துவந்த கிழவர் ஓய்வு பெற்றபோது என்னைப் பழக்கிவிட்டுப் போனார். பரீட்சை எழுதினேன், பொலிசாரின் அனுமதிப் பத்திரமும் எடுத்தேன். துவக்கு வேலைத்தலத்து இரும்புப் பெட்டியிலேயே கிடந்தது. அப்பாவைப் பொறுத்தவரை நான் மரம் பார்க்கிறவள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் இருக்கிற மாமி, அப்பாவின் தங்கை, "உவள் காட்டுக்கை என்னத்தைச் செய்யிறாள்?" என்று கேட்டால், "மரத்துக்குக் காவல்" என்பார். அது முழுப் பொய்யும் இல்லை.

பிறகு ஒரு மார்கழியில், வேலைத்தலத்துக் கட்டடத்தை மூடப்போகிறோம் என்றார்கள். துவக்கு இனி என் வீட்டில் இருக்க வேண்டும், முடியாவிட்டால் அந்த வேலை வேறு ஒருவருக்குப் போகும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வேறு எந்த வேலையிலும் நான் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. மாடிப்படிக்குக் கீழே சுவரோடு சேர்த்து ஓர் இரும்புப் பெட்டியைப் பூட்டுவித்தேன். அப்பா வந்து அதை விரலால் தட்டிப் பார்த்தார். "மீற்றர் பெட்டியோ?" வேலைச் சாமான் வைக்கிற பெட்டி என்றேன். அவரிடம் விஷயத்தைச் சொல்லத் தோதான ஒரு நாளைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நாள் வருவதற்கு முன் பொலிஸ் வந்துவிட்டது.

பெட்டியைச் சோதிக்க அனுமதிப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதாக இருந்தது. நான் வீட்டில் நிற்கிற நேரமாகத்தான் குறித்திருந்தோம். அன்று ரயில் வழியில் நின்று என்னைப் பிந்த வைத்தது. நான் ஓடி வந்து பார்த்தபோது வாசற்கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே எல்லா அலுமாரிகளும் திறந்திருந்தன. மேசை இழுப்பறைகள் வெளியே இழுக்கப்பட்டிருந்தன. என் கட்டில் மெத்தை சுவரோடு நிமிர்த்திச் சாத்தப்பட்டிருந்தது. முன்னறையில் அந்த அதிகாரி தேத்தண்ணிக் கோப்பையோடு சங்கடமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் எங்கள் கடவுச்சீட்டுகள், குடியுரிமைப் பத்திரங்கள், அம்மாவின் மரணச் சான்றிதழ்கூட வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அப்பா உட்காரவில்லை. இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

நடந்தது இதுதான். அதிகாரி தன் அட்டையைக் காட்டி, உங்கள் மகளின் துவக்கு விஷயமாக வந்திருக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். அப்பா உடனே, "நோ கன், மேடம். நோபடி ஹேஸ் கன். மை டோட்டர் குட் கேர்ள். ப்ளீஸ் செக்" என்று சொல்லி, அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க, வீட்டை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டத் தொடங்கிவிட்டார். சீருடைக்காரர் துவக்கு என்று கேட்டால் இல்லை என்பதுதான் அவருடைய உடம்பு அறிந்த ஒரே பதில். அந்தப் பதிலால்தான் அவர் உயிரோடு இந்த ஊர் வந்து சேர்ந்தார். அன்று அதே பதில் என் வேலையில் கை வைத்தது. அதிகாரி நல்ல மனுஷி. பெட்டியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வாசலில் என்னைத் தனியே அழைத்து, வீட்டில் இருக்கிறவர் இவ்வளவு பயப்படும்போது நான் சரி என்று எழுத மாட்டேன், இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றார்.

பேசி முடிக்க அப்பா பேச வேண்டுமே. "துவக்கு இந்த வீட்டுக்கை வந்தா நான் பார்க்கிங்குக்குப் போறன்" என்று ஒரே ஒரு வசனம் சொன்னார். அடுத்த நாள் அவருடைய பயணப்பை கட்டிலடியிலிருந்து வெளியே வந்து கதவோரம் நின்றது. அவர் சமைத்தார், எனக்குச் சோறு போட்டு மூடி வைத்தார், பூசைக்குப் போனார், வந்தார். பையை மட்டும் எடுத்து வைக்கவில்லை. வீட்டில் நடக்கும்போதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போனேன். வேலையை விட்டுவிடலாம் என்று ஒரு நாள் நினைப்பேன், இவ்வளவு வயதில் இவருக்கு என்ன பிடிவாதம் என்று அடுத்த நாள் எரிச்சல் வரும். அப்பாவை இந்த வயதில் மாமியின் வீட்டுச் சின்ன அறைக்கு அனுப்பிவிட்டு நான் என்ன மான் சுடுவது என்று மூன்றாம் நாள் வெட்கமாக இருக்கும். அப்படியே தவக்காலமும் தொடங்கிவிட்டது.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது, ஜன்னலைப் பார்த்தபடி அப்பா சொன்னார்: "நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ. நீ அதாலை என்னதான் செய்யிறாய் எண்டு ஒருக்காப் பாக்கிறன். பாத்துட்டுப் போறன்." போறன் என்றது பார்க்கிங்குக்கு.

பெண் மான் சுடுவதற்கான பருவம் பங்குனியோடு முடிந்துவிடும். அந்தச் சனிக்கிழமை பருவத்தின் கடைசி நாட்களில் ஒன்று. விடியற்காலையில் அப்பா பாண் தொழிற்சாலைக் காலத்துப் பெரிய சப்பாத்தும் கம்பளித் தொப்பியும் போட்டு, செபமாலையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு காருக்குள் ஏறினார். வழியில் வேலைத்தலத்தில் எடுத்த துவக்குப் பை பின்னிருக்கையில் கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டில் நாங்கள் இருந்து பார்க்கிற இடம் ஏணி வைத்த மரப்பரண். இரண்டு பேர் தோள் முட்ட உட்காரலாம். அவரை முன்னால் ஏற்றிவிட்டு, காதுக்கு மூடியைக் கொடுத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளிச்சம் மெல்ல வந்தது. மரங்களில் இன்னும் இலையில்லை. கீழே காய்ந்த பன்னச் செடிகள் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அப்பாவும் நானும் அவ்வளவு நேரம் பேசாமல், கோபமும் இல்லாமல், பக்கத்துப் பக்கத்தில் இருந்தது எனக்கு நினைவில்லை.

மான்கள் மூன்று வந்தன. எங்கள் புள்ளிமானைப் போன்ற இனம்தான், ஆனால் குளிர்காலத்தில் புள்ளி மங்கி உடம்பு சாம்பலாகிவிடும். அப்பா என் காதோடு, "மான்தானே? புள்ளியைக் காணேல்லை" என்றார். நான் துவக்கைப் பரண் விளிம்பில் வைத்து, ஒன்றை அதன் தொலைநோக்கிக் கண்ணாடிக்குள் பிடித்தேன். அது மேட்டின் உச்சியில் வானத்துக்கு நேரே நின்றது. சுடவில்லை. அது இறங்கி நடந்து நடந்து மீண்டும் நின்றது. அப்போதும் சுடவில்லை. அப்பாவுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. "ஏன், முன்னுக்குத்தானே நிக்குது?" என்றார். "பின்னாலை மண் இருக்க வேணும் அப்பா. பின்னாலை என்ன இருக்கெண்டு தெரியாமல் சுடக்கூடாது" என்று கிசுகிசுத்தேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். குளிரில் கண் கலங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் மானையே பார்த்தேன். கடைசியில் அது மண்திட்டு ஒன்றுக்கு முன்னால் வந்து பக்கவாட்டில் நின்றது. சுட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. பலகையிலிருந்து கீழே சரிந்து, முழங்கால் மடக்கி, தலையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு பரண் தரையில் ஒடுங்கிக் கிடந்தார். பதுங்கு குழியில் படுக்கிறவர்கள் அப்படித்தான் படுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் என் கண்ணால் கண்டதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் துவக்கின் பிடியை இழுத்தேன். வெற்றுக் கோது பலகை இடுக்கால் கீழே விழுந்தது. அப்பா மெல்ல எழும்பி எட்டிப் பார்த்தார். மண்திட்டுக்கு முன்னால் ஒன்றுமில்லை. மூன்று மானும் போய்விட்டிருந்தன. அவருடைய குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "தப்பிட்டுதோ?" சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "நல்லதாப் போச்சு. வா, வீட்டை போவம்."

"இல்லை அப்பா. பட்டிருந்தாலும் கொஞ்சத் தூரம் ஓடும். போய்ப் பாக்க வேணும்."

"போனது போகட்டும். ஏன் பாக்க வேணும்?"

"நோவோட எங்கையாவது கிடந்தா?"

எங்கள் வேலையில் இது பெரிய சட்டம். சுட்டவர் சுட்ட இடத்துக்குப் போக வேண்டும். மயிர் கிடக்கிறதா, இரத்தம் கிடக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஒரு துளி கண்டாலும் கடைசிவரை தேட வேண்டும், மழையோ முள்ளோ பசியோ நியாயமாகாது. கொஞ்ச நேரம் பொறுத்திருந்து இறங்கினோம். மண்திட்டடியில் ஓர் இலைமேல் இரத்தம் இருந்தது, பிறகு இன்னோர் இலை, பிறகு ஒன்றுமில்லை. மழையும் தொடங்கிவிட்டது. முட்பற்றை இடுப்புயரம் வளர்ந்திருந்தது. நான் ஒரு பக்கமாக வளைந்து தேட, அப்பா என்னிடம் கேளாமலே ஒரு தடியை எடுத்து மறுபக்கத்து முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அவருடைய மேலங்கி கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. வெகுநேரம் கழித்து, "பிள்ளை, இஞ்சை" என்ற குரல் வந்தது. விழுந்த மரமொன்றின் அடியில் மான் கிடந்தது. தடி நுனியால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன், இமை அசையவில்லை. துவக்கைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை அவருக்குக் காட்டினேன். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த மரத்திலேயே உட்கார்ந்தார்.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். எனக்குப் பெரியப்பா. கல்யாண வீடு ஒன்றில் எடுத்த படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். சூடு பட்டுச் செத்தவர் என்று சொல்லப்பட்டது, எந்தப் பக்கத்தார் சுட்டார்கள் என்று கேட்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. மழையில் உட்கார்ந்துகொண்டு அப்பா முதல் முறையாக மிச்சத்தைச் சொன்னார். மாடுகளை ஓட்டிக்கொண்டு வரப் பின்னேரம் வயலுக்குப் போயிருக்கிறார். றோட்டில் போனவர்கள் எதையோ பார்த்துச் சுட்டிருக்கிறார்கள். சத்தம் வீட்டுக்குக் கேட்டது. அவர் வரவில்லை.

"சுட்டவங்கள் வந்து பாக்கேல்லை. அவங்கள் போயிட்டாங்கள்" என்றார் அப்பா. பிறகு மானைப் பார்த்துக்கொண்டே, "நாங்களும் போய்ப் பாக்கேல்லை. பயம். விடியட்டும் எண்டு இருந்தம். விடியப் போய்ப் பாத்தா, விழுந்த இடத்திலை அண்ணை இல்லை. ஊர்ந்து ஊர்ந்து வீட்டுப் பக்கத்து வரம்புக்கு வந்திருக்கிறார்."

மானின் வயிற்றைத் திறந்து குடலை எடுக்க வேண்டியிருந்தது, அதைச் செய்தேன். அப்பா கால்களைப் பிடித்துக்கொண்டார். கையும் கத்தியும் கழுவத் தண்ணீர் ஊற்றினார். இரண்டு பேருமாகக் கயிறு போட்டு மானைப் பரண் வரை இழுத்து வந்தோம். மேட்டில் மூச்சு வாங்கி நிற்கும்போது, "நல்ல கனம்" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பரணடியில் அவர் குனிந்து அந்த வெற்றுக் கோதை எடுத்தார். ஊரில் பிள்ளைகள் இதைப் பொறுக்கி வந்தால் தாய்மார் அடித்துப் பறித்துக் கிணற்றில் போடுவார்களாம். ஒன்று வீட்டில் கிடந்தாலும் வீட்டுக்காரரைக் கொண்டுபோய்விடுவார்கள். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இதை வீட்டை கொண்டு போகலாமோ? பிடிக்க மாட்டாங்களோ?" "பிடிக்க மாட்டினம் அப்பா. கொண்டு வாங்கோ." கார் எங்கள் தெருவுக்குத் திரும்பும்போதுதான் மிச்சத்தைச் சொன்னார். "உன்ரை துவக்கையும் கொண்டு வந்து வை."

அன்று மாலை பயணப்பை மீண்டும் கட்டிலடிக்குப் போனது. மான் இறைச்சியை உடனே கறி வைக்க முடியவில்லை, தவக்காலம் முழுக்க அப்பா மச்ச மாமிசம் தொடமாட்டார். ஈரலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் குளிர்பெட்டிக்குள் வைத்தார். உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்ததும் மாமி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பங்கு போனது. இரும்புப் பெட்டிச் சாவியை எங்கே வைக்கிறேன் என்று நான் அவருக்குச் சொல்லக் கூடாது, அது சட்டம். அவரும் கேட்கவில்லை. ஆனால், "அரிசி வாளிக்கை மட்டும் வைக்காதை. முதல் அங்கைதான் தேடுவாங்கள்" என்று புத்தி சொன்னார்.

அந்த அதிகாரி இரண்டாம் முறை வந்தபோது நான் வீட்டில்தான் நின்றேன். ஆனால் கதவைத் திறந்தது அப்பா. பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட் போட்டிருந்தார். அதிகாரி வாய் திறக்க முன்னரே, தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "யெஸ், மேடம். வன் கன். மை டோட்டர்ஸ் கன்" என்றார். தன் ஆயுளில் ஒரு சீருடைக்கு முன்னால் அவர் ஓம் என்று சொன்னது அன்றுதான்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வந்தது. நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது, அடுப்படியிலிருந்து அப்பாவின் குரல் வரும். சாப்பிட்டனியோ என்று இல்லை. "சுட்டனியோ?" ஓம் என்றால் அடுத்த கேள்வி: "போய்ப் பாத்தனியோ?" ஓம் என்ற பிறகுதான் சோறு. ஒரு குளிர்கால மாலை நான் தேடித் தேடிக் காணாமல் வந்துவிட்டேன். இங்கே அந்த மாதங்களில் நாலு மணிக்கே இருட்டிவிடும். "காணேல்லை அப்பா, விடியட்டும்" என்றேன். அடுப்பை நிறுத்திவிட்டு, மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து கதவடியில் நின்றார். "விடியட்டும் எண்டு மட்டும் சொல்லாதை, பிள்ளை." திரும்பிப் போனோம். ரோர்ச் வெளிச்சத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம், அது உயிரோடு கிடந்தது. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அப்பா பக்கத்தில் நின்றார். இரண்டாவது வெடிக்கு அவர் குனியவில்லை.

அப்பா இறந்துபோய் இது இரண்டாவது தவக்காலம். போன சனிக்கிழமை நான் அதே பரணில்தான் இருந்தேன், பக்கத்தில் பலகை வெறுமையாக இருந்தது. ஒரு மான் முட்பற்றைக்குள் ஓடிவிட்டது. தேடி எடுக்க மத்தியானமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சப்பாத்துக் கழற்றும்போது என்னையறியாமல் அடுப்படிப் பக்கம் காது கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு முன்னறைக்குப் போய் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பித்தளைக் கோதில் குத்தினேன்.

"ஓம் அப்பா, போய்ப் பாத்தனான்" என்று சொல்லிவிட்டுத்தான் சோறு போட்டேன்.